பழைய ஃபிரிட்ஜுக்குள் 64 முட்டைகள்

சென்ற டிசம்பர் 21 அன்று பெங்களூர் ரயிலிலிருந்து காட்பாடியில் இறங்கிய என் மகள், தோளில் தொங்கிய கனமான பையை என்னிடம் தராமல், கையில் ஏந்தி வந்த சிறிய தெர்மகோல் பெட்டியை மட்டும் நீட்டி, “அப்பா, ஆட்டாம பிடிங்க” என்றாள். வீட்டுக்கு வந்து திறந்து பார்த்தபோது, தண்ணீர் நிறைந்த டப்பாவுக்குள் ஒரு பாசிக் கொத்தும், அதில் ஒட்டியபடி ஊறவைத்த சப்ஜா விதையைப் போல, வழவழப்பான கண்ணாடிக் கூழுக்கு நடுவே ஒவ்வொரு கரும்புள்ளி கொண்ட முட்டைகளும் இருந்தன. எண்ணியதில் 64 தேறின. அவளுடைய தோழி வளர்க்கும் ஆக்ஸலாட்டல் ஜோடி முந்தைய நாள் இரவில் இட்ட சில நூறு முட்டைகளில் ஒரு பங்கு அது.

முப்பது ஆண்டுகள் தொழிற்பயிற்சி நிலையத்தில் குளிர்சாதனப் பிரிவில் பயிற்றுநராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். உயிரியல் எனக்குத் தெரியாது. என்னிடம் இந்தப் பெட்டி வந்து சேர்ந்ததற்குக் காரணம், வேலூர் வெயிலில் இந்த உயிரை வளர்ப்பது உயிரியலைவிடக் குளிர்சாதனம் சார்ந்த வேலை என்பதை என் மகள் சரியாகக் கணித்திருந்ததுதான்.

ஆக்ஸலாட்டல் என்பது மீன் அன்று. தவளையின் தூரத்து உறவான சாலமாண்டர் வகையைச் சேர்ந்த நீர்நில வாழ்வி. மெக்சிகோ நகரத்தை ஒட்டிய சோச்சிமில்கோ ஏரி, கால்வாய்ப் பகுதிதான் அதற்கு இயற்கையில் எஞ்சியிருக்கும் ஒரே இடம். அங்கும் முற்றிலும் அழியும் நிலையில் இருக்கிறது. மெக்சிகோ என்றதும் பாலைவன வெயிலை நினைத்துக்கொள்பவர்கள் கவனிக்க வேண்டியது உயரத்தை: அந்த ஏரிப் பகுதி கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, நம் ஊட்டியும் அதே உயரம்தான். ஊட்டிக் குளத்தில் வாழ வேண்டிய ஒன்றை, 200 மீட்டரைச் சற்றே தாண்டிய உயரத்தில் சுற்றிலும் மொட்டைப் பாறை மலைகள் வெப்பத்தைத் தேக்கி வைக்கும் வேலூரில் வளர்ப்பதென்றால், நீரின் வெப்பநிலையை 16 முதல் 18 டிகிரிக்குள் நிறுத்தியாக வேண்டும். 20 வரை தாங்கும். 24-க்கு மேல் தொடர்ந்து இருந்தால் நோய்வாய்ப்படும்.

சட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. இந்த இனம், அழிநிலை உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் 2-ஆம் பின்னிணைப்பில் உள்ளது. 2022-இல் திருத்தப்பட்ட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படியும், அதையொட்டி 2024-இல் வந்த விதிகளின்படியும், இத்தகைய உயிர்களை வைத்திருப்பதையும் கைமாற்றுவதையும் அவை குஞ்சு ஈனுவதையும் ஒன்றிய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். தோழியின் ஜோடி பதிவு பெற்றது என்பதை உறுதி செய்துகொண்ட பிறகே பெட்டியை எங்கள் வீட்டுக்குள் அனுமதித்தேன். எங்கள் பக்கத்துப் பதிவையும் என் மகளே செய்து முடித்தாள்.

முட்டை வருவதற்கு ஒரு வாரம் முன்பே நான் சோதனையைத் தொடங்கியிருந்தேன். முதலில் மண்பானை. நீர் கசிந்து ஆவியாகும்போது குளிரும் என்பது எல்லோருக்கும் தெரிந்த செய்தி. எவ்வளவு குளிரும் என்பதைத்தான் அளந்து பார்க்க விரும்பினேன். வீட்டுக்குள் 26 டிகிரி இருந்த மாலையில் சாதாரணப் பானைத் தண்ணீர் 21.5-க்கு இறங்கியது. அதே இடத்தில் வைத்த கரிகிரி ஜாடியில் நீர் 25-ஐ விட்டு அசையவில்லை, ஏனென்றால் அதன் மேல் பூசிய பளபளப்புப் பூச்சு கசிவை அடைத்துவிடுகிறது. ஊறுகாய் வைக்கத்தான் அது லாயக்கு. ஆனால் பானையாலும் ஓர் எல்லைக்கு மேல் முடியாது. காற்றின் ஈரப்பதம் அனுமதிக்கும் அளவுக்கு, அதாவது ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டும் அளவுக்குத்தான் அது குளிரும், அந்த அளவு நம் ஊரில் டிசம்பர் மாதத்திலேயே 18-க்கு மேலாகத்தான் பெரும்பாலும் நிற்கும். தொட்டியின் மேல் மின்விசிறி வைப்பதும் இதே கணக்குதான். பனிக்கட்டி பாட்டில்களை மாற்றி மாற்றிப் போடுவதை நான் யோசிக்கவேயில்லை. நீர் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தால் குஞ்சுக்கு ஆகாது என்பது ஒருபுறமிருக்க, இரவில் இரண்டு மணிக்கு எழுந்து பாட்டில் மாற்றும் வயதும் எனக்கு இல்லை.

ஆகவே மாடி அறையில் இருந்த 165 லிட்டர் ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜைக் கீழே இறக்கினேன். என் மனைவி அதை இட்லி மாவுக்கும் பண்டிகை நாள் பால் பாக்கெட்டுகளுக்கும் என்று ஒதுக்கி வைத்திருந்தாள். பொங்கலுக்குள் திருப்பித் தருவதாகச் சொல்லித்தான் வாங்கினேன், அந்த வாக்கு இன்றுவரை நிறைவேறவில்லை.

ஃபிரிட்ஜின் சொந்தத் தெர்மோஸ்டாட், அதைக் கடைசிவரை குறைத்து வைத்தாலும், 8 டிகிரி அளவில்தான் நிறுத்தும். 18-இல் நிறுத்த அதற்குத் தெரியாது. எனவே எஸ்டிசி-1000 வகை டிஜிட்டல் வெப்பநிலைக் கன்ட்ரோலர் ஒன்றை வாங்கி, ஃபிரிட்ஜுக்குச் செல்லும் மின்சாரம் அதன் ரிலே என்னும் தானியங்கி ஸ்விட்ச் வழியாகப் போகும்படி இணைத்தேன். உடம்பில் எந்தத் துளையும் போடவில்லை. பின்சுவரின் அடியில் உருகிய நீர் வெளியேறுவதற்கென்று இருக்கும் துளை வழியாகவே சென்சார் ஒயரையும் ஒரு மெல்லிய காற்றுக் குழாயையும் உள்ளே நுழைத்தேன். புதிதாகச் செய்பவர்கள் பெரும்பாலும் தவறு செய்யும் இடம் சென்சாரை வைக்கும் இடம்தான். அதைக் காற்றில் தொங்கவிட்டால், கதவைத் திறக்கும்போதெல்லாம் காற்றுச் சூடாகி கம்ப்ரஸர் ஓடத் தொடங்கும், மூடியதும் நின்றுவிடும். நின்ற கம்ப்ரஸர் உடனே மறுபடியும் கிளம்பினால், உள்ளே வாயு அழுத்தம் சமநிலைக்கு வந்திருக்காது; மோட்டார் திணறி, ஓவர்லோடு என்னும் பாதுகாப்பு ஸ்விட்ச் மின்சாரத்தை வெட்டும். அதனால் சென்சாரை ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலுக்குள் அமிழ்த்தி, மறுதொடக்கத் தாமதத்தை 5 நிமிடமாகவும் நின்றது மறுபடியும் ஓடுவதற்கான வெப்பநிலை வேறுபாட்டை 1 டிகிரியாகவும் வைத்தேன். நசுக்கிய ஐஸும் தண்ணீரும் கலந்த டம்ளரில் வைத்துச் சரிபார்த்தபோது சென்சார் 0-க்குப் பதிலாக 0.8 காட்டியது, அதையும் திருத்திக்கொண்டேன். முதல் நாள் பதிவேட்டில் எழுதியது: நீர் 18.1, அறை 25, கம்ப்ரஸர் மணிக்கு 6 நிமிடம்.

தண்ணீர் அடுத்த தலைவலி. “நீரில்லா ஆறு” என்று பாலாற்றைச் சொல்லும் ஊரில் தண்ணீர்ப் பேச்சு எப்போதும் நீளும், நான் சுருக்கிக்கொள்கிறேன். எங்கள் ஆழ்துளைக் கிணற்று நீர் கடினமானது. கடினத்தன்மை ஆக்ஸலாட்டலுக்குப் பிடிக்காத ஒன்றன்று, ஆனால் தோல் பதனிடும் கழிவுகள் பல ஆண்டுகளாக மண்ணில் இறங்கியிருக்கும் பாலாற்றுப் படுகையில், நிலத்தடி நீரில் என்ன கலந்திருக்கிறது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. மெல்லிய தோல் வழியாகவும் சுவாசிக்கும் உயிரை அதில் விட எனக்குத் துணிவில்லை. ஆர்.ஓ. நீரில் தாது உப்புகள் போய்விடுவதால் அதுவும் தனியாக ஆகாது. குழாயில் வரும் காவிரித் தண்ணீரையே 200 லிட்டர் டிரம்மில் பிடித்து, குளோரின் நீங்க 2 கிராமுக்கும் குறைவாக ஹைப்போ (சோடியம் தயோசல்பேட் உப்பு) கலந்து, சோதனைச் சொட்டு விட்டால் மஞ்சள் நிறம் வரவில்லை என்பதைப் பார்த்த பிறகு பயன்படுத்தினேன். மாற்றும் நீரும் 18 டிகிரியில் இருக்க வேண்டும் என்பதால், ஃபிரிட்ஜின் கதவுப் பக்கத்திலும் கீழ்த்தட்டிலும் இரண்டு லிட்டர் பாட்டில்கள் ஐந்தை எப்போதும் நிரப்பி வைத்தேன். மின்வெட்டின்போது குளிரைப் பிடித்து வைப்பதும் அந்தப் பாட்டில்கள்தான். இரண்டு மணி நேர வெட்டில் உள்ளே அரை டிகிரிகூட ஏறவில்லை.

முட்டைகளைப் பாசியிலிருந்து பிரித்து, நான்கு அகலமான தட்டுகளில் பரப்பினேன். நான்காம் நாளில் ஒன்பது முட்டைகள் பால் போல வெளுத்துவிட்டன, அவை கருவுறாதவை. வெளுத்த முட்டையில் பூஞ்சை பிடித்தால் பஞ்சு போலப் பரவி பக்கத்து முட்டையையும் பற்றும் என்பதால், தினமும் காலையில் கண்ணாடி போட்டுக்கொண்டு இங்க் ஃபில்லரால் அவற்றை ஒவ்வொன்றாக உறிஞ்சி எடுத்தேன். அப்படியும் பின்னர் மூன்று முட்டைகள் பூஞ்சைக்குப் போயின. தெருமுனையில் உள்ள பாதாம் மரத்தின் உதிர்ந்த சருகு ஒன்றை நன்றாகக் கழுவி ஒவ்வொரு தட்டிலும் போட்டு வைத்தேன். அதன் துவர்ப்புச் சத்து பூஞ்சையை மட்டுப்படுத்தும் என்பார்கள். நீர் இளந்தேநீர் நிறத்துக்கு வந்தது.

மீதி முட்டைகளைப் பார்த்த நாட்களை நான் எளிதில் மறக்க மாட்டேன். பேரன்களுக்காக வாங்கிய பத்து மடங்கு உருப்பெருக்கிக் கண்ணாடியை இரவு உணவுக்குப் பிறகு எடுத்துக்கொண்டு ஃபிரிட்ஜின் முன்னால் முக்காலியில் உட்கார்ந்துவிடுவேன். முதலில் உருண்டையாக இருந்த கரும்புள்ளியில் மூன்றாம், நான்காம் நாளில் காப்பிக் கொட்டையில் இருப்பதைப் போல நடுவில் ஒரு பள்ளம் விழுந்தது. அதன் இரு கரைகளும் எழுந்து ஒன்றையொன்று தொட்டு மூடிக்கொள்ளும் அந்தக் குழாய்தான் மூளையும் தண்டுவடமும் ஆகிறது என்று மகள் போனில் விளக்கினாள். ஒரு வாரத்துக்குள் அது மொச்சைக் கொட்டை போல வளைந்து தலையும் வாலும் பிரிந்தது. பத்தாம் நாளுக்குப் பிறகு தலையின் இருபுறமும் செவுள்கள் சிறு முளைகளாக எழுந்தன, கூழுக்குள் குஞ்சு திடீரென்று துள்ளித் திரும்பிப் படுத்தது. டார்ச் வெளிச்சத்தில் தொண்டைக்குக் கீழே ஏதோ ஒன்று துடிப்பது தெரிந்தது. நான் என் மனைவியைக் கூப்பிட்டேன். அதுவரை அந்த ஃபிரிட்ஜின் பக்கமே வராதவள், கண்ணாடியை வாங்கி நெடுநேரம் பார்த்துவிட்டு, “இதுக்கும் நெஞ்சு இருக்குதுங்க” என்று மட்டும் சொன்னாள். மறுநாளிலிருந்து காலை நீர் மாற்றத்துக்குப் பாட்டில்களை நிரப்பித் தருவது அவள் வேலையாயிற்று.

ஜனவரி 8-ஆம் தேதி காலையில் முதல் மூன்று குஞ்சுகள் கூழை விட்டு வெளியே வந்து தட்டின் அடியில் படுத்திருந்தன. 10-ஆம் தேதி இரவுக்குள் 52 முட்டைகளில் 50 பொரிந்தன. இரண்டு முட்டைகளில் குஞ்சு உயிரோடு இருந்தும் வெளியே வரவில்லை. கூழைக் கிழித்து உதவலாமா என்று யோசித்து விட்டுவிட்டேன். ஒரு சென்டிமீட்டரைச் சற்றே தாண்டிய நீளம், கண்ணுக்குத் தெரியும் செவுள் உண்டு, கால்கள் இல்லை. முதல் இரண்டு மூன்று நாட்களுக்கு வயிற்றில் மிச்சமிருக்கும் மஞ்சள் கருவே போதும், தீனி போட்டால் நீர் கெடுவதுதான் மிச்சம்.

அதற்குப் பிறகுதான் உண்மையான வேலை தொடங்குகிறது. இந்த வயதுக் குஞ்சு அசையாத எதையும் உணவென்று அறியாது. தூள் தீனி, முட்டையின் மஞ்சள் கரு, எதுவும் பயன்படாது. வாயருகே உயிரோடு துடிக்கும் சிறு பொருளைத்தான் கவ்வும். ஆர்ட்டீமியா என்கிற உப்புநீர் இறாலின் காய்ந்த முட்டைகளைப் பொரிக்க வைத்து, அந்தக் குஞ்சுகளைத் தர வேண்டும். அதற்கு லிட்டருக்கு 25 கிராம் கல்லுப்பு, விடாத காற்றுக் குமிழி, 26 முதல் 28 டிகிரி வெப்பம் ஆகியவை தேவை. ஒரே வீட்டில் ஓர் உயிருக்குப் பதினெட்டும், அதன் இரைக்கு இருபத்தெட்டும் வேண்டியிருந்தது. மார்கழிக் குளிரில் சமையலறை அலமாரியில் வைத்த முதல் பாட்டில் பொரிய ஒன்றரை நாள் ஆனது. ஃபிரிட்ஜ் உள்ளிருந்து உறிஞ்சும் வெப்பத்தைப் பின்பக்கம் தள்ளத்தானே செய்கிறது, அதில் பாட்டிலை வைத்தால் குஞ்சுகளின் வெப்பமே இறாலைப் பொரிக்குமே என்று கணக்குப் போட்டு மிகவும் மகிழ்ந்துபோனேன். ஆனால் மணிக்கு ஆறே நிமிடம் ஓடும் கம்ப்ரஸர் எவ்வளவு வெப்பத்தைத் தள்ளிவிடும்? பின்பக்கம் அறையைவிட ஒரு டிகிரிதான் கூடுதலாக இருந்தது. கடைசியில், நாள் முழுவதும் திறந்து மூடப்படும் எங்கள் பெரிய ஃபிரிட்ஜின் பக்கவாட்டில் ஒட்டி வைத்ததும் பாட்டில் 28-ஐத் தொட்டது, 24 மணி நேரத்தில் நீர் காவி நிறமாக மாறியது.

இரண்டு லிட்டர் சோடா பாட்டிலின் அடியை வெட்டித் தலைகீழாகக் கட்டி வைத்த அமைப்பு அது. காற்றை நிறுத்திப் பத்து நிமிடம் விட்டால் வெற்று ஓடுகள் மேலே மிதக்கும், கீழே டார்ச் அடித்தால் ஒளியை நாடும் இறால் குஞ்சுகள் மூடிப் பக்கம் கூடும். அவற்றை மட்டும் குழாயால் இறக்கி வடிகட்ட வேண்டும். டீ வடிகட்டியில் எல்லாமே நழுவி ஓடிவிட்டன. என் பழைய மல் வேட்டியை இரண்டாக மடித்துப் பிடித்தபோது நின்றன. பிறகு நல்ல நீரில் இரண்டு முறை அலசி உப்பைப் போக்கி, இங்க் ஃபில்லரால் ஒவ்வொரு தட்டிலும் விடுவேன். காவி நிறப் புள்ளிகள் துடித்துக்கொண்டே இறங்கும். அசையாமல் கிடந்த குஞ்சு ஒன்று தலையைச் சற்றே சாய்த்து, அடுத்த நொடியில் வாயைத் திறந்து மூடும். கண் அதைப் பிடிப்பதற்குள் புள்ளி மறைந்துவிடும். கால் மணி நேரத்தில் கண்ணாடி போன்ற வயிற்றின் வழியே உள்ளே காவிக் கோடு தெரியும். அந்தக் கோடு தெரிந்தால் குஞ்சு பிழைக்கும் என்று பதிவேட்டில் எழுதி வைத்தேன், அது பெரும்பாலும் சரியாகவே இருந்தது. ஆறு குஞ்சுகளின் வயிற்றில் கடைசிவரை அந்தக் கோடு தெரியவேயில்லை.

நன்னீரில் ஆர்ட்டீமியா சில மணி நேரம்தான் உயிரோடு இருக்கும்; பிறகு இறந்து அடியில் படிந்து அழுகும். இதை எல்லோரும் எச்சரித்திருந்தும் நான் காணும் பொங்கல் அன்று அதே தவற்றைச் செய்தேன். குடியாத்தத்தில் சம்பந்தி வீட்டுக்குக் காலையிலேயே கிளம்ப வேண்டியிருந்ததால், மாலை வேளைக்கும் சேர்த்து இரட்டிப்பாக இரை போட்டேன். நான்காவது தட்டில் வேட்டித் துணியில் மிஞ்சியதையும் உதறிவிட்டேன். இரவு ஒன்பது மணிக்கு வந்து கதவைத் திறந்ததும் மீன் சந்தை வாடை அடித்தது. நான்காவது தட்டில் நீர் கலங்கி, பதினொரு குஞ்சுகளும் பக்கவாட்டில் மிதந்தன. மற்ற மூன்று தட்டுகளின் நீரை அப்போதே முழுவதுமாக மாற்றியதால் அவை பிழைத்தன. 44-இல் 33 எஞ்சின. அன்றிலிருந்து இரை போட்டு இரண்டு மணி நேரத்தில் மிச்சத்தை உறிஞ்சி எடுக்காமல் வீட்டை விட்டு வெளியே போவதில்லை, கல்யாணமானாலும் சரி.

“தவளைக் குஞ்சு மாதிரி இதுக்கும் வால் எப்பங்க விழும்?” என்று என் மனைவி கேட்டாள். விழாது. வாலும் செவுளும் இருக்கும் நிலையிலேயே இது வளர்ந்து, முட்டையும் இடும். இந்தக் கேள்வி பாரிஸ் நகரத்து விஞ்ஞானிகளையும் குழப்பியிருக்கிறது: 1864-இல் மெக்சிகோவிலிருந்து வந்தவற்றில் ஆறு ஆக்ஸலாட்டல்களை ஒகுஸ்ட் துமேரில் என்பவர் அங்குள்ள இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் வளர்த்தார், அவை மறு ஆண்டு முட்டையிட்டன, அந்தக் குஞ்சுகளில் சில செவுளை இழந்து நிலத்தில் வாழும் சாலமாண்டர்களாக மாறிவிட்டன. தைராய்டு சுரப்பு தூண்டப்பட்டால் அப்படி நேரக்கூடும் என்பது பிற்காலத்தில் தெரிந்தது. அதனால் அயோடின் கலந்த எதையும் ஃபிரிட்ஜின் அருகிலேயே கொண்டு வரக்கூடாது என்று மகள் கட்டளை இட்டிருந்தாள். ஆர்ட்டீமியாவுக்குக் கல்லுப்பு வாங்கியதும் அதனால்தான்.

தவளையின் தலைப்பிரட்டைக்குப் பின்னங்கால்தான் முதலில் தெரியும். இதற்கு முன்னங்கால் முதலில் வருகிறது. பிப்ரவரி முதல் வாரத்தில், இரண்டு சென்டிமீட்டர் நீளத்தில், செவுளுக்குப் பின்னால் நூல் போன்ற இரண்டு குச்சிகள் முளைத்தன. அதோடு பிரச்சினையும் முளைத்தது. பக்கத்தில் அசையும் குச்சியும் இரைதான் என்று நினைத்து ஒன்றின் காலை மற்றொன்று கவ்விப் பிடுங்கத் தொடங்கியது. ஒரே வாரத்தில் ஒன்பது குஞ்சுகளுக்குக் கால் போயிற்று, செவுள் கடிபட்ட நான்கு குஞ்சுகள் இறந்தன. ஆளுக்கொரு டப்பாவாகப் பிரிப்பதைத் தவிர வேறு வழியில்லை. ஆம்பூர் பிரியாணி பார்சல் வந்த டப்பாக்களை என் மனைவி அடுக்கி வைத்திருந்தாள். எத்தனை முறை வெந்நீரில் கழுவினாலும் விரலில் எண்ணெய்ப் பிசுக்கு தட்டியதால் அவற்றைக் கைவிட்டு, அரை லிட்டர் புது டப்பாக்களை வாங்கி 29 குஞ்சுகளையும் தனித்தனியாக வைத்தேன். தினமும் 29 டப்பாவுக்கும் நீர் மாற்றுவது சரியாக ஒரு மணி பத்து நிமிட வேலை.

கால் போனவற்றில் ஏழாம் எண் டப்பாவின் குஞ்சை மட்டும் நாள் தவறாமல் பார்த்தேன். வலது முன்னங்கால் முட்டிக்கு மேலே துண்டாகியிருந்தது. இரண்டாம் நாளிலேயே வெட்டுவாய் மூடிக்கொண்டது. ஒரு வாரத்தில் அதன் நுனியில் வெந்த ஜவ்வரிசி போல ஒளி ஊடுருவும் ஒரு மொட்டு. அது நீண்டு, தட்டையாகி, நுனியில் இரண்டு பிளவாக, பிறகு மூன்றாக, 26-ஆம் நாளில் நான்கு விரலாக ஆயிற்று. முன்னங்காலில் நான்கு, பின்னங்காலில் ஐந்து என்பதே இதன் இயல்பான கணக்கு. தழும்பு எதுவும் இல்லை. பதிவேட்டில் ஏழாம் எண் என்று எழுதி வைத்திருக்காவிட்டால் எந்தக் கால் போனது என்று எனக்கே தெரிந்திருக்காது. இதன் மரபணுத் தொகுதி 2018-இல் வெளியானது. 3,200 கோடி டி.என்.ஏ. கார இணைகள், மனிதனைப் போலப் பத்து மடங்கு.

டெங்கு தடுப்புப் பணிக்காக வீடு வீடாக வரும் பெண் பணியாளர் ஒருவர் இந்த நாட்களில்தான் வந்தார். மூடி இல்லாத 29 டப்பாக்களை நீர் மாற்றுவதற்காகக் கூடத்தில் பரப்பியிருந்தேன். அவர் வாசலிலேயே நின்றுவிட்டார். “இன்னா சார் இது, இவ்ளோ தண்ணி தேக்கி வச்சிருக்கீங்க? எல்லாத்தையும் கவுத்துடுங்க.” “உள்ள குஞ்சு இருக்குதும்மா, வந்து பாரு” என்றேன். டார்ச் அடித்து ஒவ்வொரு டப்பாவாகப் பார்த்து, கொசுப்புழு எதிலும் இல்லை என்று உறுதி செய்த பிறகு, “இது கொசுப்புழுவத் தின்னுமா சார்?” என்று கேட்டார். தின்னும் என்றேன். “அப்போ மேல இருக்கிற டிரம்முல ரெண்டு விடுங்க” என்றார். வெயிலில் காயும் டிரம்மில் விட்டால் அது அன்றே வெந்துவிடும் என்பதை விளக்க ஒரு டம்ளர் மோர் நேரம் பிடித்தது. டிரம்மின் மேல் துணி கட்டச் சொல்லிவிட்டுப் போனார், கட்டினேன்.

பிப்ரவரி 23 காலை நேர்ந்தது என் தொழிலுக்கே இழுக்கு. முந்தைய இரவு தட்டை இழுக்கும்போது சென்சார் ஒயர் மாட்டி, பாட்டிலிலிருந்து வெளிப்பட்டு, கதவின் ரப்பருக்கு வெளியே தொங்கியிருக்கிறது. அது அறையின் 26 டிகிரியைக் காட்டிக்கொண்டே இருக்க, கம்ப்ரஸர் இரவு முழுவதும் நிற்காமல் ஓடி, டப்பாக்களில் நீர் 9 டிகிரிக்கு இறங்கியிருந்தது. குஞ்சுகள் அடியில் கல் போலக் கிடந்தன, தொட்டால் மட்டும் மெல்ல நகர்ந்தன. பதறிப்போய் வெதுவெதுப்பான நீரை ஊற்றியிருந்தால் எல்லாம் போயிருக்கும். கதவைத் திறந்து வைத்து ஆறு மணி நேரத்தில் தானாக 18-க்கு ஏற விட்டேன். ஒன்றும் சாகவில்லை, இரண்டு நாட்கள் சரியாக உண்ணவில்லை, அவ்வளவுதான். குளிரைத் தாங்கும் உயிர் என்பதால் தப்பித்தேன். இதே தவறு வெப்பத்தின் பக்கம் நேர்ந்திருந்தால் தப்பியிருக்காது. ஒன்று தவறினாலும் தானாக நிறுத்தும் இரண்டாவது வெட்டு இல்லாத அமைப்பைக் கையெழுத்துப் போட்டு ஏற்காதே என்று முப்பது ஆண்டுகள் மாணவர்களுக்குச் சொன்னவன், முழுக் குளிரில் திருப்பி வைத்த ஃபிரிட்ஜின் சொந்தத் தெர்மோஸ்டாட்டை அப்படியே விட்டிருந்தேன். இப்போது அதைக் கடைசிக் குறைந்த எண்ணில் வைத்திருக்கிறேன், சென்சாரைப் பாட்டில் கழுத்தில் நூலால் கட்டியிருக்கிறேன்.

மார்ச் மாதத்தில் பின்னங்கால்களும் வந்து, ஐந்து சென்டிமீட்டரைத் தாண்டியவற்றை அளவு பார்த்து மறுபடியும் ஒன்றாகச் சேர்த்தேன். இந்த நீளத்தில் அசையாத உணவையும் ஏற்கும். மண்புழு உரத் தொட்டியின் சிவப்புப் புழுக்களை வாங்கி நறுக்கிப் போட்டேன். வாயில் வாங்கி உடனே துப்பிவிட்டன. அந்தப் புழு சுரக்கும் மஞ்சள் நீர் கசக்குமாம். பிறகு வீட்டுத் தோட்டத்தின் வாழைக்கு அடியில் மண்ணைக் கிளறி எடுத்த சாதாரண நாட்டு மண்புழுவைத் தந்தபோது போட்டி போட்டுக்கொண்டு தின்றன. ஆர்ட்டீமியா பாட்டிலைக் கழுவிக் கவிழ்த்த அன்று எனக்கு விடுதலை கிடைத்தது போல இருந்தது. இந்த மாதத்தில் இரண்டு குஞ்சுகள் காரணம் தெரியாமல் இறந்தன.

27-இல் 21-ஐ ஏப்ரல் முதல் வாரத்தில் மகளின் தோழி முறைப்படி பதிவு செய்து திரும்பப் பெற்றுக்கொண்டார். ஆறு இங்கே இருக்கின்றன, ஏழாம் எண்ணும் அதில் ஒன்று. ஃபிரிட்ஜின் தட்டுகளை எல்லாம் கழற்றிவிட்டு, உள்ளே 35 லிட்டர் பிளாஸ்டிக் தொட்டி ஒன்றை இறக்கி அதில் விட்டிருக்கிறேன். இன்னும் நான்கைந்து மாதத்தில் இந்த இடம் போதாது. பழைய இரும்புக் கடையில் ஓட்டை விழுந்த தண்ணீர் கூலர் ஒன்றைப் பார்த்து முன்பணம் கொடுத்திருக்கிறேன், அதன் காயிலை, அதாவது குளிர்விக்கும் குழாய்ச் சுருளை, தொட்டி நீருக்குத் திருப்ப முடியுமா என்று பார்க்க வேண்டும். இட்லி மாவு இன்னும் பக்கத்து வீட்டு ஃபிரிட்ஜில்தான் இருக்கிறது.

மே 6, கத்திரி தொடங்கி மூன்றாம் நாள், பிற்பகல் மூன்று மணி: வெளியே 41, அறை 35, நீர் 18.3, கம்ப்ரஸர் மணிக்கு 18 நிமிடம்.